பேங்க்ரப்ட்: ஒரு சொல்லின் கடன் கணக்கு

அமெரிக்க நிறுவனம் ஒன்று கடனைச் சீரமைக்கக் கோர்ட்டில் மனுப் போட்டால் நம் பத்திரிகைகள் ‘திவால்’ என்று எழுதுகின்றன. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோதும் ‘திவால்’தான். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் அதே சொல். மூன்றுக்கும் பின்னால் ஆங்கிலத்தில் நிற்பது பேங்க்ரப்ட் என்ற ஒரே வார்த்தை. ஆனால் சட்டத்தின் கணக்கில் முதலாமவர் கடையை மூடாமலிருக்க மனுப் போட்டவர். இரண்டாவதை பேங்க்ரப்ட் என்று தீர்ப்பெழுத உலகில் எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. மூன்றாமவர் அந்தப் பட்டத்துக்கு இன்னும் மனுவே போடவில்லை. யாரும் அவர்மீது போடவுமில்லை.

பட்டம் என்று சொன்னது வேண்டுமென்றேதான். கையில் காசில்லாதவரையெல்லாம் பேங்க்ரப்ட் என்று பேச்சில் சொல்லலாம், சட்டத்தில் முடியாது. அங்கே அது கோர்ட் ஒரு தேதியிட்டுக் கொடுக்கும் நிலை. அந்தத் தேதிக்கு முன்னால் அவர் வேறு ஆள், பின்னால் வேறு ஆள். கடனிலிருந்து விடுதலை உத்தரவு வந்தால் மறுபடியும் வேறு ஆள்.

சொல்லின் பூர்வீகம் இத்தாலி. பாங்கா என்றால் பெஞ்சு, ரோத்தா என்றால் உடைந்தது. பணம் மாற்றும் வியாபாரி சந்தையில் ஒரு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் கடன் கட்டத் தவறினால் அந்தப் பெஞ்சை எல்லோர் முன்னிலையிலும் உடைத்துப் போடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடைந்தது என்ற சொல்லையே தொழில் கெட்டதற்கும் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அதற்கு நிஜமாகவே ஒரு பெஞ்சு உடைய வேண்டியதில்லை. தமிழையே பாருங்கள். நொடிதல், முறிதல், ஒடிதல் மூன்றும் மரக்கிளைக்குச் சொல்லும் சொற்கள். ‘யாவாரம் நொடிஞ்சு போச்சு’ என்று நம் ஊரிலும் கிளை முறிந்த சொல்லைத்தான் எடுத்துக் கடைக்குச் சொன்னார்கள். பணமில்லாதவனை ஆங்கிலப் பேச்சுவழக்கில் ப்ரோக் என்பதும் இதே உடைதல்தான்.

ஆங்கிலத்துக்குள் வந்தபோது அந்தச் சொல்லில் ‘ப்’ ஒலி கிடையாது. பிரெஞ்சு வழியாக பாங்குரூட் போன்ற உருவத்தில் வந்து சேர்ந்தது. உடைந்தது என்பதற்கு லத்தீனில் ரப்டுஸ் என்று இருப்பதைப் பார்த்த படிப்பாளிகள் 16ஆம் நூற்றாண்டில் ஒரு ‘ப்’பைச் செருகினார்கள். இன்றைக்கும் எழுத்துக்கூட்டும்போது பிள்ளைகள் விட்டுவிடுவது அந்த இரவல் எழுத்தைத்தான்.

எட்டாம் ஹென்றி காலத்தில், 1542இல் இங்கிலாந்து முதல் சட்டத்தைப் போட்டது. அதன் தலைப்பு, ‘பேங்க்ரப்ட் செய்கிறவர்களுக்கு’ எதிரான சட்டம் என்கிறது. கவனியுங்கள், அன்றைக்கு பேங்க்ரப்ட் என்பது ஒருவருக்கு நேர்வது அல்ல, ஒருவர் செய்வது. ஊரார் சரக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று ஓடிப்போகிறவர், அல்லது கடன்காரர் (கடன் கொடுத்தவர்) வந்தால் கதவைத் திறக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறவர், இவர்கள்தான் இலக்கு. சட்டம் அவர்களைக் குற்றவாளி என்றே பேசியது. 1571இல் வந்த அடுத்த சட்டம் இதை வியாபாரிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1705இல் ராணி ஆனின் ஆட்சியில்தான் பெரிய திருப்பம்: கணக்கை ஒளிக்காமல் ஒப்படைத்தால் மிச்சக் கடனிலிருந்து விடுதலை. மோசடி செய்தால் தூக்கு. ஒரே சட்டத்தில் இரண்டும்.

வியாபாரி அல்லாதவர் கடன்பட்டால்? அவருக்கு இந்த விடுதலை கிடையாது, கடனாளிச் சிறைதான். அவரை பேங்க்ரப்ட் என்று சொல்லவும் மாட்டார்கள், இன்சால்வென்ட் என்பார்கள். அவிழ்க்க முடியாதவர், அதாவது கடன் முடிச்சை அவிழ்க்க வகையில்லாதவர் என்பது அதன் லத்தீன் வேர். ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: செட்டியாருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. 1861இல் இங்கிலாந்து இந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் இரண்டாவது சொல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டது. கல்கத்தா, மதராஸ், பம்பாய் மூன்று பட்டணங்களுக்கும் 1828இல் இன்சால்வென்ட் கோர்ட்டுகள் வந்தன. 1848இல் இந்திய இன்சால்வென்சி சட்டம். பிறகு பட்டணங்களுக்கு 1909ஆம் வருஷச் சட்டம், வெளியூர்களுக்கு 1920ஆம் வருஷ மாகாண இன்சால்வென்சி சட்டம். நம் ஊரில் ‘ஐ.பி. குடுத்துட்டான்’ என்று சொல்வதில் உள்ள ‘ஐ’ அந்த இன்சால்வென்சிதான், ‘பி’ பெட்டிஷன். பேங்க்ரப்ட் என்ற சொல் இந்தச் சட்டங்களின் பெயரில் நுழையவே இல்லை.

மதராஸ் இன்சால்வென்ட் என்ற சொல்லை நன்றாகக் கற்றுக்கொண்டது 1906 அக்டோபரில். ஆர்பத்நாட் அண்ட் கோ என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அந்த மாதம் 22ஆம் தேதி கதவை மூடியது. அதில் பணம் போட்டிருந்த வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், விதவைகள், கோயில்கள் என்று ஊரே ஐகோர்ட்டுக்கு ஓடியது. தலைமைப் பங்காளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த வழக்கில் கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் பணத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னின்று தொடங்கியதுதான் 1907இல் வந்த இந்தியன் பேங்க்.

‘திவால்’ வடக்கிலிருந்து வந்தது, தீவாளா. நொடித்த வணிகர் பட்டப்பகலில் கடையில் விளக்கேற்றி வைத்துவிடுவார், அதைப் பார்த்துக் கடன்காரர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள், அந்தத் தீபத்திலிருந்து வந்த சொல் இது என்று குஜராத்தி, மார்வாரி வணிகர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. நம் ஊர் ‘மஞ்சக் கடுதாசி’யும் இதே வேலையைத்தான் செய்கிறது: நேரில் சொல்லக் கூசுவதைக் கடுதாசி சொல்லிவிடும். கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘நொடிப்பு’ என்ற சொல் பழக்கம். கூட்டாளி ஒருவர் நொடித்தால் அவருடைய பற்றாக்குறையை மற்றவர்கள் தாங்கள் போட்ட முதலின் விகிதத்தில் ஏற்க வேண்டும் என்ற கார்னர் எதிர் மர்ரே தீர்ப்பு, 1904 என்று புத்தகம் சொல்லும். வழக்கு முடிந்தது 1903இல். அது இருக்கட்டும்.

படிகளைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கை காய்ந்திருந்தால் ப்ரோக்; சம்பளம் வந்தால் சரியாகிவிடும். குறித்த தேதியில் கட்டவில்லை என்றால் டிஃபால்ட். அது ஒரு சம்பவம், ஒரு தவணை. கட்டவே முடியாத நிலை வந்துவிட்டால் இன்சால்வென்ட். அது ஒரு நிலைமை, கோர்ட்டுக்குப் போகாமலேயே இருக்கலாம். அந்த நிலைமையைக் கோர்ட் பதிவுசெய்து உத்தரவு போட்டால் பேங்க்ரப்ட்.

இன்சால்வென்ட் என்பதிலேயே இரண்டு வகை உண்டு. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். குடோனும் சரக்கும் 80 லட்சம் பெறும், கடன் 55 லட்சம். வெள்ளிக்கிழமை பேங்குக்கு 12 லட்சம் கட்ட வேண்டும், கையில் 2 லட்சம். இவருக்கு வந்திருப்பது பணமுடை. சரக்கு விற்றால் மீண்டுவிடுவார். பக்கத்து மண்டிக்காரருக்குச் சொத்து 30 லட்சம், கடன் அதே 55 லட்சம். ஆனால் ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டி, ஒரு தவணைகூடத் தவறாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊர் முதலாமவரைத்தான் ‘விழுந்துட்டார்’ என்று பேசும். உண்மையில் விழுந்தவர் இரண்டாமவர். இங்கிலாந்தின் 1986ஆம் வருஷ இன்சால்வென்சி சட்டம், கம்பெனிகளுக்கு இந்த இரண்டு அளவுகோலையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: கெடுவுக்குக் கட்ட முடிகிறதா என்பது ஒன்று, சொத்தைவிடக் கடன் மிஞ்சியிருக்கிறதா என்பது இன்னொன்று.

இந்தியாவில் 2016இல் வந்த சட்டத் தொகுப்பின் பெயரிலேயே இன்சால்வென்சி, பேங்க்ரப்ட்சி இரண்டும் இருக்கின்றன. அலங்காரத்துக்கு வைத்த இரட்டைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தச் சட்டத்தின்படி கம்பெனி ஒருபோதும் பேங்க்ரப்ட் ஆகாது. கம்பெனிக்கு முதலில் இன்சால்வென்சித் தீர்வு நடவடிக்கை, அது தோற்றால் லிக்விடேஷன், அதாவது கலைப்பு. பேங்க்ரப்ட் என்ற சொல் தனிமனிதருக்கும் பங்காளி நிறுவனத்துக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டது. ‘இன்ன ஏர்லைன்ஸ் பேங்க்ரப்ட் ஆனது’ என்று இந்தியக் கம்பெனியைப் பற்றி எழுதினால் சட்டப்படி அது பிழை. கம்பெனியை என்.சி.எல்.டி.க்கு (கம்பெனி வழக்குகளுக்கான தேசியத் தீர்ப்பாயம்) இழுக்க இன்றைக்குக் குறைந்தபட்சம் 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை அது 1 லட்சமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தொகுப்பில் தனிமனிதருக்கான பகுதி எழுதப்பட்டு அச்சாகியும், பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாகியிருக்கிறது. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாத, சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் உள்ள, சொந்த வீடில்லாத ஏழைக்கு ‘புதுத் தொடக்கம்’ என்று ஒரு வழியை அதில் வகுத்திருக்கிறார்கள். ஏட்டில் இருக்கிறது. ஆகவே மளிகைக் கடைக்காரருக்கும் வாத்தியாருக்கும் இன்றும் வழி 1920ஆம் வருஷச் சட்டம்தான். சென்னை நகரத்துக்குள் 1909ஆம் வருஷச் சட்டம், ஐகோர்ட், அபிஷியல் அசைனி. மற்ற ஊர்களில் சப் கோர்ட், அபிஷியல் ரிசீவர். அசைனியும் ரிசீவரும் கடனாளியின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரிகள்.

ஐ.பி. எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். கடன் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும் என்கிறது 1920ஆம் வருஷச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அன்றைய 500. அல்லது டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு) நிறைவேற்றத்தில் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தி உத்தரவு நிலுவையில் இருக்க வேண்டும். மனு, கடனாளி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக் கோர்ட்டில். மனுவில் ஒவ்வொரு கடன்காரரின் பெயர், விலாசம், எவ்வளவு பாக்கி என்பது வர வேண்டும். சொத்துப் பட்டியல் மதிப்போடு வர வேண்டும், ஜப்திக்கு உட்படாத பொருள்களையும் சேர்த்து. அவை போக மிச்ச எல்லாவற்றையும் கோர்ட்டிடம் விட்டுவிடச் சம்மதம் என்று ஓர் உறுதிமொழி. இதற்கு முன் ஐ.பி. போட்டதுண்டா, என்ன ஆயிற்று என்ற விவரம். கணக்குப் புத்தகங்களைக் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும்.

ஜப்திக்கு உட்படாதவை எவை என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை (நம் ஊரில் தாலி), கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல். சாதாரணக் கடன் டிக்ரிக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. பயந்து போனவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தாலே பாதித் தூக்கம் திரும்பும்.

கோர்ட் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். மனுதாரர் தன்னால் கட்ட முடியாது என்பதற்கு மேலோட்டமான ஆதாரம் காட்டினால் போதும். உத்தரவு வந்தால் அது அரசிதழில் வெளியாகும். அந்த நிமிஷத்திலிருந்து சொத்து முழுதும் ரிசீவர் கைக்குப் போகிறது. கடன்காரர் யாரும் கோர்ட் அனுமதி இல்லாமல் புது வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் 31ஆம் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது. (வெறும் இயலாமைக்காக ஒருவரை சிவில் சிறையில் போடக் கூடாது, வசதியிருந்தும் ஏமாற்றினால்தான் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது.) கடன்காரர்கள் தங்கள் பாக்கியை அஃபிடவிட் மூலம் நிரூபிக்க வேண்டும். ரிசீவர் சொத்தை விற்று வீதாசாரப்படி பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் டிவிடெண்ட். ஷேர் வாங்கியவர்களுக்கு இனிக்கும் சொல், இங்கே ரூபாய்க்கு 10 பைசா வந்ததென்ற கசப்பைச் சொல்கிறது. அந்தப் பங்கீட்டில் அரசாங்க பாக்கி, தொழிலாளர் கூலி ஆகியவற்றுக்கு முதலிடம். கூலிக்கு வைத்த வரம்பு ஆளுக்கு 20 ரூபாய். நூறு வருஷமாக அதைத் திருத்தாமல் விட்டிருப்பதற்குச் சாக்குச் சொல்ல வழியே இல்லை.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் மனு போடுவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. கடன் தலைக்கு மேல் போனதும் முதலில் செய்யும் காரியம் வீட்டை மனைவி பெயருக்கோ மச்சான் பெயருக்கோ எழுதுவது. அப்படி எழுதிய தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. விழுந்தால், உண்மையான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்று காட்ட முடியாத வரையில், ரிசீவர் கேட்டால் 53ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரம் ரத்தாகும். அடுத்தது, ‘மத்தவனுக்குக் கொடுக்காட்டியும் அண்ணன் காசை மட்டும் கொடுத்துடறேன்’ என்று ஒருவருக்கு மட்டும் தீர்ப்பது. அவருக்குச் சலுகை காட்டும் நோக்கத்தோடு கொடுத்து, மூன்று மாதத்துக்குள் மனு வந்தால் அதுவும் செல்லாது, 54ஆம் பிரிவு. பாசத்தில் செய்தது சட்டத்துக்கு மோசடிச் சலுகை.

கடன் கட்டுவதை நிறுத்திவிட்டேன் அல்லது நிறுத்தப்போகிறேன் என்று கடன்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதே 6ஆம் பிரிவின்படி ஓர் ‘இன்சால்வென்சி செய்கை’. மஞ்சக் கடுதாசி அனுப்பிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறவருக்கு இது தெரிவதில்லை. அந்தக் கடுதாசியையே கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் கடன்காரர் தானே ஐ.பி. போடலாம். அதே பட்டியலில் இன்னொன்று: கடன்காரர் தொடர்புகொள்ள முடியாதபடி ஒதுங்கியிருத்தல். 1542இல் கதவைத் திறக்காதவனைக் குறிவைத்த அதே வரி கல்கத்தா, மதராஸ் வழியாக வந்து, செல்போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு மாமியார் ஊரில் இருப்பவர் வரைக்கும் நீள்கிறது.

ஐ.பி.யில் தீராதவை பல. அடமானக் கடன் கொடுத்தவர் அடமானச் சொத்தின் மேல் தன் உரிமையைத் தனியாகச் செலுத்தலாம். வீட்டுக்கடன் கொடுத்த பேங்க் காத்திருக்காது. செக் பவுன்ஸ் வழக்கு கிரிமினல் கோர்ட்டில் நடப்பது, ஐ.பி. அதைத் தானாக நிறுத்தாது. ஜாமீன் போட்டவர் விடுபடவே மாட்டார். கடனாளிக்கு விடுதலை கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் கடனாளியாகவே இருப்பார். ஊரில் பல நட்பு இந்த ஒரு வரியில்தான் முறிந்திருக்கிறது. அரசாங்க பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவையும் விடுதலைக்குப் பின் அப்படியே நிற்கும்.

விடுதலை என்ற சொல்லை இதுவரை பல இடத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ். ஐ.பி.யில் மிக அதிகமாகக் கோட்டைவிடப்படும் இடம் இதுதான். உத்தரவு போடும்போதே கோர்ட் ஒரு கெடு வைக்கும்: இத்தனை காலத்துக்குள் டிஸ்சார்ஜ் கேட்டு மனுப் போட வேண்டும். வக்கீலும் கட்சிக்காரரும் முதல் உத்தரவோடு நிம்மதியாகிவிடுவார்கள். கெடு தாண்டினால் 43ஆம் பிரிவின்படி உத்தரவே ரத்தாகும்; கடன்காரர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். டிஸ்சார்ஜ் கேட்டாலும் முழு விடுதலை சுலபமில்லை. ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறாத சொத்து (அது தன் தவறால் அல்ல என்று காட்ட முடியாவிட்டால்), மூன்று வருஷக் கணக்குப் புத்தகம் இல்லாமை, நொடித்தது தெரிந்த பிறகும் வியாபாரம் தொடர்ந்தது, சூதாட்டம், ஊதாரித்தனம், இவற்றில் ஒன்று நிரூபணமானால் போதும், முழு விடுதலையை மறுக்க வேண்டும் என்கிறது சட்டம். நோட்டுப் போடாமல் வாயால் வியாபாரம் செய்த நல்ல மனிதர்கள் சிக்குவது கணக்குப் புத்தகத்தில்.

டிஸ்சார்ஜ் ஆகாதவர் எம்.பி., எம்.எல்.ஏ. ஆக முடியாது; அரசியல் சாசனத்தின் 102, 191ஆம் பிரிவுகள். அவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்குக் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 1920இல் 50 ரூபாய் ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தாண்டிய காசு. இன்றைக்கு டீக்கடையில் இரண்டு டீ, இரண்டு வடை சொல்லிவிட்டு ‘அண்ணே, கணக்குல எழுதிக்கங்க’ என்றால் எல்லையைத் தொட்டாயிற்று.

இந்தப் பின்னணியோடு வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்தால் சொல் எப்படி நிறம் மாறுகிறது என்று தெரியும். இங்கிலாந்தில் இன்றும் பேங்க்ரப்ட் என்றால் ஆள், கம்பெனி அல்ல. கடன் 5,000 பவுண்டுக்குக் குறைந்தால் கடன்காரர் ஒருவரை அங்கே இழுக்க முடியாது. தானாக முன்வருகிறவர் 680 பவுண்ட் கட்டணம் கட்டி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒன்றுமில்லாதவனாக ஆவதற்கே முக்கால் லட்சம் ரூபாய் வேண்டும். ஒத்துழைத்தால் பெரும்பாலும் 12 மாதத்தில் விடுதலை தானாக வந்துவிடும். ஸ்காட்லாந்துச் சட்டம் இதையே சீக்வெஸ்ட்ரேஷன் என்று வேறு பெயரில் சொல்லும்.

அமெரிக்காவில் ஆள், கம்பெனி, நகராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அந்த நாட்டுத் திவால் சட்டத்தின் அத்தியாய எண்தான் வித்தியாசம் சொல்லும். 7ஆம் அத்தியாயம் என்றால் விற்றுப் பிரித்தல். 13 என்றால் சம்பளக்காரர் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் தவணையில் கட்டும் திட்டம். 11 என்றால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே கடனைச் சீரமைப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1 அன்று 11இல் மனுப் போட்டது. அதன் நல்ல சொத்துகளை எடுத்துக்கொண்டு புது நிறுவனம் ஜூலை 10ஆம் தேதியே வெளியே வந்தது, கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ‘சாப்டர் 11’ என்று வந்தால் ‘திவால் பாதுகாப்பு கோரியது’ என்று எழுதுவது சரி, ‘திவாலானது’ என்பது வாசகரைத் தவறான இடத்தில் இறக்கிவிடும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸும் 11இல்தான் போட்டது, ஆனால் மீளவில்லை. எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் போட்டது 9ஆம் அத்தியாயம். அமெரிக்காவில் படிப்புக் கடன் சுலபத்தில் கரையாது. ‘அளவுக்கு மீறிய துன்பம்’ என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் உண்டு.

நாடு? ஒரு நாட்டுக்கு ரிசீவர் போட முடியாது, பாராளுமன்றக் கட்டடத்தை ஏலம் விட முடியாது. ஆங்கிலத்தில் கவனமாக எழுதுகிறவர்கள் நாட்டுக்கு டிஃபால்ட் என்றுதான் சொல்வார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. மே மாதம் சலுகைக் காலமும் முடிந்ததும் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க டிஃபால்ட்டை உறுதிசெய்தார். ஜூலையில் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் நாடு பேங்க்ரப்ட் ஆகிவிட்டது என்றார். அரசியல்வாதியின் வாயில் அது சட்டச் சொல் அல்ல, நிலைமையின் கனத்தைச் சொல்ல எடுத்த சொல்.

கொழும்பு, யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அன்றைக்குப் போட்ட தலைப்பு ‘வங்குரோத்து’. தமிழ்நாட்டு வாசகருக்கு அந்நியமாகப் படும் இந்தச் சொல் உண்மையில் பேங்க்ரப்ட்டின் ஒன்றுவிட்ட தம்பி. 1658 முதல் 1796 வரை கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) விட்டுப்போன பாங்குரூட்தான் தமிழ் நாக்கில் வங்குரோத்து ஆயிற்று, சிங்கள நாக்கில் பங்கொலொத். ஆபீசுக்கு கந்தோர், பத்திரம் எழுதுகிறவருக்கு நொத்தாரிசு என்று அங்கே சொல்வதும் அதே வழியில் வந்ததுதான். லண்டன் படிப்பாளி செருகிய ‘ப்’ இதில் இல்லை. இத்தாலியின் ‘ரோத்தா’ இதில்தான் நெருக்கமாக ஒலிக்கிறது. அரசு வெளியிடும் பாண்டுக்கு அங்கே பிணைமுறி என்று பெயர். முறி என்றால் ஆவணம், முறி என்றால் உடை. பிணைமுறிக்குக் காசு கட்டாமல் நாடு முறிந்தது என்று எழுதினால் சிலேடை தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இலக்கணத்தில் நம் ஆட்கள் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று. பேங்க்ரப்ட் என்பது ஆளையும் குறிக்கும், அவர் நிலையையும் குறிக்கும், ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளும் வினையாகவும் நிற்கும். பேங்க்ரப்ட்சி என்பது நடவடிக்கை. ‘அவர் பேங்க்ரப்ட்சி ஆயிட்டார்’ என்றால் அவரே கோர்ட் கட்டாகிவிட்டார் என்று அர்த்தம். பேங்க்ரப்ட் ஆனார், அல்லது பேங்க்ரப்ட்சிக்கு மனுப் போட்டார்.

காசோடு சம்பந்தமில்லாத பயன்பாடும் உண்டு. சரக்கில்லாத கொள்கை, நேர்மை தீர்ந்துபோன ஆள், யோசனை வறண்ட கட்சி இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் பேங்க்ரப்ட் என்பார்கள். தமிழ்நாட்டில் ‘அரசியல் திவால்’ என்று சொல்லிப் பாருங்கள், கடன் வாசனை போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கைத் தமிழில் ‘அரசியல் வங்குரோத்து’ என்று மேடையில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், காதுக்குப் பொருந்துகிறது. ஒல்லாந்தர் போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சொல் இன்னும் வரவில்தான் இருக்கிறது.